எலும்பு நீட்டிப்புக்குப் பிறகு மீண்டும் ஓடவும் தாவவும்

கால் எலும்பை நீட்டிக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை மாதத்தில் ஓடலாம்?" என்பதைத்தான். மாதக் கணக்கில் நான் பதில் சொல்வதில்லை. ஒரே நாளில் அறுவை செய்துகொண்ட இருவரில் ஒருவர் ஓடத் தயாராக இருப்பார். இன்னொருவருக்கு எக்ஸ்ரேயில் புது எலும்பு இன்னும் மங்கலாகவே தெரியும். நாள்காட்டியை நம்பி அவசரப்பட்டால் எலும்புக்குள் வைத்த உலோக ராடு வளையலாம், புது எலும்பு முறியலாம். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: இப்போது எந்தப் படியில் நிற்கிறேன், அடுத்த படி ஏற என் கால் என்ன செய்து காட்ட வேண்டும்?

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் முழங்காலுக்குச் சற்று மேலே, எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டில் அடிபட்டது. வலது தொடை எலும்பு அங்கேயே பின்தங்கிவிட்டது. வளர்ந்து முடித்தபோது இரண்டு கால்களுக்கும் 4 சென்டிமீட்டர் வித்தியாசம். ஷூவுக்குள் உயரம் வைத்துக்கொண்டு வாலிபால் ஆடினேன். இடுப்பும் முதுகும் அதற்கு விலை கொடுத்தன. பிறகு தொடை எலும்புக்குள் காந்தத்தால் நீளும் ராடு வைத்து நீட்டித்தார்கள். இன்று வலைக்கு முன்னால் பிளாக்குக்குத் தாவுகிறேன். காலுக்கு வெளியே வளையங்கள் மாட்டி, கம்பிகளால் எலும்போடு பிணைத்து, கெண்டைக்கால் எலும்பை நீட்டித்த நண்பர்களுடன் ஒரே பிசியோதெரபி அறையில் பயிற்சி செய்திருப்பதால், அவர்கள் பாதையையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இங்கே எழுதுவது உங்கள் மருத்துவரின் சொல்லுக்கு மாற்று கிடையாது. அவர் "இன்னும் வேண்டாம்" என்றால் அதுதான் முடிவு.

உள்ளே என்ன நடக்கிறது

இந்த முறையைக் கண்டறிந்தவர் சோவியத் நாட்டின் குர்கான் நகரில் பணியாற்றிய இலிசாரோவ் என்ற மருத்துவர். எலும்பைக் கவனமாக வெட்டி, சுமார் 5 முதல் 7 நாள் காத்திருந்து, பிறகு நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் இரு முனைகளையும் மெல்ல விலக்கினால், இடைவெளியில் புது எலும்பு உருவாகிறது. அந்த 1 மில்லிமீட்டரையும் ஒரே இழுப்பில் விலக்காமல், வழக்கமாக 4 தவணையாகப் பிரித்து கால் கால் மில்லிமீட்டராக விலக்குவார்கள். 4 சென்டிமீட்டர் என்றால் நீட்டிப்புக்கு மட்டும் 40 நாள். அது இறுகிக் கெட்டிப்பட அதைப்போல இரண்டு மடங்கு காலமோ அதற்கு மேலோ ஆகும்.

விளையாட விரும்புகிறவர் மனத்தில் இருத்த வேண்டியது தசையின் நிலைமையை. எலும்பை வெட்டி விலக்குகிறார்கள்; தசையை யாரும் வெட்டிச் சேர்ப்பதில்லை. பழைய நீளத்துக்குப் பழகிய தசை, நரம்பு, ரத்தக்குழாய், தோல் எல்லாம் ஒவ்வொரு நாளும் இழுபடுகின்றன. தசை தன் இழைகளில் புதிய கண்ணிகளைச் சேர்த்துக்கொண்டு நீளக்கூடியதுதான். ஆனால் எலும்பு போகும் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. ஈடுகொடுக்காத தசை மூட்டை இழுத்து மடக்கும். தொடை எலும்பை நீட்டினால் முழங்கால் விறைத்து, முழுதாக மடங்கவும் மாட்டாது, முழுதாக நீளவும் மாட்டாது. கெண்டைக்கால் எலும்பை நீட்டினால் குதிகால் தரையைத் தொடாமல் பாதம் கீழ்நோக்கி இழுத்துக்கொள்ளும்.

பிற்காலத்தில் ஒருவரை ஓடவிடாமல் தடுப்பது பெரும்பாலும் இந்த விறைப்புதான் என்பது என் திடமான எண்ணம். எலும்பு கூடிவிடுகிறது, மடங்காத முழங்காலும் மேலே வராத பாதமும்தான் மைதானத்துக்கு வெளியே நிறுத்திவைக்கின்றன. ஆகவே விளையாட்டுக்கான பயிற்சி, நீட்டிப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே தொடங்குகிறது.

நீட்டிக்கும் காலம்: அசைவைக் காப்பாற்றுங்கள்

இந்தக் காலத்தில் பலத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒவ்வொரு நாளும் மூட்டின் கோணத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பதே வேலை.

முழங்கால் முழுதாக நீள்வதுதான் முதல் காவல். மல்லாந்து படுத்து, குதிகாலுக்கு அடியில் மட்டும் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலுக்கு அடியில் ஒன்றும் இல்லாமல் அதன் எடையிலேயே கீழே தாழவிடுங்கள். 20 நிமிடம், நாளுக்குப் பல முறை. வலி தாங்காமல் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துத் தூங்குவது இதமாக இருக்கும். அந்த இதம்தான் முழங்காலை மடிந்த நிலையிலேயே உறையவைக்கும். தலையணையை அறையை விட்டே வெளியே அனுப்பிவிடுங்கள். மடக்குவதற்கு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நல்ல காலால் மெல்ல அழுத்துங்கள், அல்லது குப்புறப் படுத்துக் கணுக்காலில் பெல்ட் மாட்டி இழுங்கள். குப்புறப் படுப்பதால் இடுப்பின் முன்பக்கமும் நீளும். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு அது மிகவும் தேவை.

கெண்டைக்கால் எலும்பை நீட்டியவர்கள் பாதத்தில் பெல்ட் மாட்டித் தம்மை நோக்கி இழுக்க வேண்டும். முழங்காலை நீட்டிவைத்து ஒரு முறை, சற்றே மடக்கிவைத்து ஒரு முறை; கெண்டைக்காலில் இரண்டு அடுக்குத் தசைகள் இருப்பதால் இரண்டு நிலையும் வேண்டும். இரவில் பாதம் சாய்ந்துவிடாமல் தாங்கும் உறை கொடுத்திருந்தால், அதைக் கழற்றிவைக்காதீர்கள். விழித்திருக்கும்போது சம்பாதித்த கோணம் தூக்கத்தில்தான் நழுவுகிறது.

கோணங்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குறையத் தொடங்கினால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் சொல்லுங்கள். நீட்டிப்பின் வேகத்தைக் குறைக்கலாம், சில நாள் நிறுத்தியும் வைக்கலாம். அந்த முடிவை எடுக்க மருத்துவருக்கு உங்கள் நோட்டு உதவும். விளையாட்டுக்குத் திரும்ப நினைப்பவர், இன்னும் அரை சென்டிமீட்டருக்கு ஆசைப்பட்டு முழங்காலை இழக்கக் கூடாது.

சில அறிகுறிகளுக்கு ஒரு நாள்கூடத் தாமதம் கூடாது. கால் பெருவிரலையோ பாதத்தையோ மேலே தூக்க முடியாமல் போவது, பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போவது, எரிவது: நரம்பு இழுபடுகிறது என்று பொருள். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

காலில் எவ்வளவு எடை போடலாம் என்பது உள்ளே வைத்த கருவியைப் பொறுத்தது. வெளியே வளையம் மாட்டியவர்களை ஓரளவு ஊன்றி நடக்கவே சொல்வார்கள். உள்ளே நீளும் ராடு வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் கட்டுப்பாடு உண்டு. "20 கிலோ வரை ஊன்றலாம்" என்று சொன்னால், எடை பார்க்கும் இயந்திரத்தின் மீது அந்தக் காலை வைத்து, முள் 20-ஐத் தொடும் வரை அழுத்திப் பாருங்கள். அந்த அழுத்தத்தைப் பாதம் நினைவில் வைத்துக்கொள்ளும். நினைவு மங்கும், அதனால் அவ்வப்போது மறுபடியும் செய்து பாருங்கள்.

எலும்பு இறுகும் காலம்

நீட்டிப்பு நின்றதும் பெரிய நிம்மதி வரும். விறைப்பும் மெல்லக் குறையத் தொடங்கும். இந்தக் காலத்தில் எக்ஸ்ரேயை நீங்களும் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து ஒன்றும் பக்கவாட்டிலிருந்து ஒன்றுமாக எடுத்த இரண்டு படங்களில், எலும்பின் வெளிச்சுவர் மொத்தம் நான்கு கோடுகளாகத் தெரியும். அவற்றில் குறைந்தது மூன்று கோடுகள் அறுபடாமல் இணைந்திருந்தால்தான் பல மருத்துவர்கள் முழு எடையும் ஊன்ற விடுவார்கள். "எத்தனை சுவர் கூடியிருக்கிறது?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் படத்தைக் காட்டியே விளக்குவார்.

அசையாத சைக்கிளில் உட்கார, முழங்கால் ஏறக்குறைய 110 டிகிரி மடங்க வேண்டும். அதற்கு முன் மிதிகட்டையை முன்னும் பின்னும் அரைவட்டமாக ஆட்டிக்கொண்டிருந்தாலே மூட்டு இளகும். இருக்கையை உயர்த்திவைத்துத் தொடங்கி, வாரங்கள் போகப்போக இறக்குங்கள். நீச்சல் குளம் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. இடுப்பளவு நீரில் உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான் கால்களில் இறங்கும். நெஞ்சளவு நீரில் மூன்றில் ஒரு பங்கு. ஆழத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் எடையைத் துல்லியமாகக் கூட்டலாம். தோலைத் துளைத்துக் கம்பிகள் இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் குளத்தில் இறங்க வேண்டாம்.

உணவைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. புரதம் போதுமான அளவு வேண்டும், வைட்டமின் டி அளவை ரத்தத்தில் பார்த்துக் குறைவிருந்தால் சரிசெய்ய வேண்டும், புகை அறவே கூடாது. சில வலி மாத்திரைகள் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தலாம் என்பதால் மருந்துக் கடையில் தானாக எதையும் வாங்கி விழுங்காதீர்கள்.

நடையைத் திருத்தாமல் ஓட்டம் இல்லை

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பலர் தாண்டிக் குதித்துப் போவது இதைத்தான்.

நீட்டிய கால் பக்கத்தில் இடுப்பின் வெளிப்புறத் தசை வெகுவாக மெலிந்திருக்கும். அந்தக் காலில் மட்டும் நிற்கும்போது மறுபக்க இடுப்பு கீழே தொய்யும், அல்லது அதை மறைக்க உடம்பு ஒருபக்கம் சாயும். நடக்கும்போது மெல்லிய நொண்டலாகத் தெரியும் இது, ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை இறங்கும் இடத்தில், முழங்காலையும் முதுகையும் பதம் பார்க்கும். ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராகத் தூக்குவதில் தொடங்குங்கள். கால் முன்னால் நழுவாமல், குதிகால் சற்றே பின்னால் இருக்கும்படி தூக்கினால்தான் சரியான தசை வேலை செய்யும். பிறகு நின்றபடி ஒற்றைக்காலில் சமநிலை, பிறகு தொடையைச் சுற்றி ரப்பர் பட்டை மாட்டிப் பக்கவாட்டில் நடப்பது.

ஊன்றுகோல்களை விடும் வரிசை: இரண்டு, பிறகு ஒன்று, பிறகு ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் இருக்கும்போது அதை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். நொண்டல் இருக்கும் வரை ஊன்றுகோலை விடாதீர்கள். ஊன்றுகோலுடன் நேராக நடப்பது, அது இல்லாமல் நொண்டி நடப்பதைவிட எவ்வளவோ மேல். நொண்டலைத் தினமும் பயின்றால் அதுவே நடையாகிவிடும். வாரம் ஒரு முறை யாரையாவது பின்னாலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். நேராக நடப்பதாக நாம் நினைப்பதற்கும் படத்தில் தெரிவதற்கும் உள்ள தூரம் வியப்பூட்டும்.

என்னைப்போல் குட்டையான காலைச் சமப்படுத்தியவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இத்தனை ஆண்டுகளாக மூளை சாய்ந்த இடுப்பையே நேர் என்று நம்பியிருக்கிறது. கால்கள் சமமான பிறகு, நீட்டிய கால் அளவுக்கு மிஞ்சி நீண்டுவிட்டது போலவும் யாரோ ஒருபக்கம் தள்ளுவது போலவும் தோன்றும். முன்பு குட்டையான காலில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி எம்பி நடந்த பழக்கமும் எளிதில் போகாது. நிலைக்கண்ணாடி முன் நின்று இரு இடுப்பெலும்புகளிலும் கை வைத்து மட்டம் பார்ப்பது, குதிகாலை முதலில் ஊன்றி மெதுவாக நடப்பது, கண்ணை மூடி நின்று எடை எங்கே விழுகிறது என்று உணர்வது: சலிக்காமல் செய்ய வேண்டியவை இவை. நான் ஒரு பருவம் முழுவதையும் இதற்கே கொடுத்தேன். வாலிபாலில் இன்று தரையிறங்கும்போது கிடைக்கும் உறுதி அங்கிருந்துதான் வந்தது.

பலம்

எலும்பு கூடியதாக மருத்துவர் உறுதி செய்த பிறகு, எடையுடன் கூடிய பயிற்சியைத் தொடங்கலாம். நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறுவது, லெக் பிரஸ், ஒரு காலை முன்வைத்து இறங்கும் ஸ்குவாட், இடுப்பில் மடிந்து எடை தூக்குவது, குதிகால் உயர்த்துவது. இரண்டு காலாலும் தொடங்கி ஒற்றைக்காலுக்கு வாருங்கள். இரண்டு காலால் செய்யும்போது நல்ல கால் தன்னை அறியாமல் சுமையைத் திருடிக்கொள்ளும். ஒற்றைக்காலில்தான் உண்மை வெளிப்படும்.

நல்ல காலின் பலத்தில் 80 சதவீதத்தை எட்டினால் ஓட்டத்தைத் தொடங்கலாம், 90 சதவீதத்தை எட்டினால் விளையாட்டுக்குத் திரும்பலாம் என்பது பொதுவாகப் பின்பற்றும் அளவு. அதில் ஒரு பொறி இருக்கிறது: மாதக்கணக்கில் ஓய்ந்திருந்ததால் நல்ல காலும் பலவீனமாகியிருக்கும். அறுவைக்கு முந்தைய எண்கள் கைவசம் இருந்தால் அவற்றோடு ஒப்பிடுங்கள். உயரத்துக்காக இரண்டு கால்களையும் நீட்டியவர்களுக்கு ஒப்பிட நல்ல காலே இல்லை. அவர்களுக்குப் பழைய எண்கள் மட்டுமே அளவுகோல். இன்னும் அறுவைக்குப் போகாதவர் இதைப் படித்தால், இன்றே ஒற்றைக்காலில் எவ்வளவு தூரம் தாவுகிறீர்கள், எவ்வளவு எடை தள்ளுகிறீர்கள், முழங்காலும் கணுக்காலும் எத்தனை டிகிரி மடங்குகின்றன என்று எழுதி வையுங்கள்.

உயரத்துக்காக நீட்ட நினைப்பவர்களிடம் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நீளம் கூடக்கூட, இழந்ததை மீட்பது கடினமாகிறது. வேக ஓட்டம், உயரத் தாவல் போன்ற வெடிப்பான அசைவுகள் கடைசியாகத்தான் திரும்பும். சிலருக்கு முழுதாகத் திரும்பாது. போட்டி விளையாட்டே வாழ்க்கையாக இருப்பவர், தேவையில்லாத உயரத்துக்காக நல்ல கால்களை இதற்கு உட்படுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. தேவை இருப்பவர்களுக்கு நம்பிக்கை தர ஒரு பெயர் உண்டு: வலேரி புரூமெல். 1963-இல் உயரம் தாண்டுதலில் 2.28 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்து, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் வீரர். 1965-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கியது. அடுத்தடுத்த அறுவைகள் பலன் தராமல், கடைசியில் இலிசாரோவிடம் போய்ச் சேர்ந்தார். சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார். பழைய சாதனையை எட்டவில்லை. ஆனால் ஊன்றுகோலுடன் வந்தவர் தாண்டிய உயரம் அது.

ஓட்டம்

ஓடும் முன் நான்கு வாசல்களைக் கடக்க வேண்டும். எலும்பு முழுதாகக் கூடியதாக மருத்துவரின் ஒப்புதல். நொண்டலோ வலியோ இல்லாமல் 30 நிமிட வேக நடை. ஒற்றைக்காலில் நின்று தொடர்ந்து 20 முதல் 25 முறை குதிகால் உயர்த்தல். ஒற்றைக்காலில் பாதி உட்கார்ந்து எழும்போது முழங்கால் உள்ளே சாயாமை. ஒன்று தவறினாலும் அந்த ஒன்றுக்கே வேலை செய்யுங்கள்.

தொடங்குவது 1 நிமிட மென்னோட்டம், 2 நிமிட நடை என மாறிமாறி. ஒரு நாள் விட்டு ஒரு நாள். சமமான, சற்று மென்மையான தரையில். முதலில் ஓடும் நேரத்தைக் கூட்டுங்கள், நடையைக் குறையுங்கள். 20 நிமிடம் தொடர்ந்து ஓட முடிந்த பிறகுதான் வேகம். ஒரே வாரத்தில் இரண்டையும் கூட்ட வேண்டாம்.

வலியைப் படிக்கப் பழகுங்கள். 10-க்கு 3 அளவில் இருந்து, மறுநாள் அதே நேரத்துக்குள் அடங்கிவிடும் தசை வலி பரவாயில்லை. நீட்டிய இடத்தில் விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்தாலோ, இரவில் வலித்தாலோ, ஓட்டத்துக்கு ஓட்டம் கூடினாலோ, நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுங்கள்.

தாவல்

தாவுவதற்கு முன் தரையிறங்கக் கற்க வேண்டும். இதற்கும் முன், நின்றபடி இடுப்பு முதல் கணுக்கால் வரை எடுக்கும் நீள எக்ஸ்ரேயைப் பார்த்து, எடை இறங்கும் கோடு முழங்காலின் நடுவில் போகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தொடை எலும்புக்குள் ராடு வைத்து நீட்டும்போது, எலும்பின் சாய்வு காரணமாக அந்தக் கோடு ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சுமார் 1 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகரும். சிறிய நீட்டிப்பில் பெரிதல்ல. ஏற்கெனவே கோணல் இருந்தால் கணக்கில் எடுக்க வேண்டியது.

ஒரு சாண் உயரப் பலகையிலிருந்து இரண்டு காலால் கீழே இறங்கி அப்படியே நில்லுங்கள். ஓசை கேட்கக் கூடாது, முழங்கால்கள் பாதங்களுக்கு நேராக இருக்க வேண்டும், எடை இரு பக்கமும் சமமாக விழ வேண்டும். இது கைவந்த பிறகு பலகை மேல் தாவி ஏறுங்கள். ஏறுவதில் இறங்கும் அடி குறைவு. பிறகு இருந்த இடத்தில் இரண்டு கால் தாவல், பிறகு முன்னோக்கி, பிறகு ஒற்றைக்கால், கடைசியாகத் திசை திருப்பும் வெட்டு ஓட்டம். ஒற்றைக்கால் தாவலில் நீட்டிய காலின் தூரம் நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதத்தை எட்டினால் அணியோடு பயிற்சிக்குப் போகலாம்.

வாலிபாலில் நான் சென்ற வரிசை: நின்ற இடத்திலேயே கையால் பந்தை எடுத்துக் கொடுப்பது மட்டும், பிறகு தாவாமல் பின்வரிசை ஆட்டம், பிறகு நேராக மேலே எழும் பிளாக், கடைசியில்தான் ஓடிவந்து எம்பும் ஸ்மாஷ். உங்கள் ஆட்டத்தையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள்: எந்த அசைவில் ஒற்றைக்காலில் அடி விழுகிறதோ, எந்த அசைவில் எதிராளி உங்களைத் திடீரெனத் திருப்புகிறாரோ, அவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

ராடு எடுத்த பிறகு

ராடு பொதுவாக ஓர் ஆண்டு கடந்து, எலும்பு முற்றிலும் கெட்டியான பின் எடுக்கப்படும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் வரும் இந்தச் சிறு அறுவையைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். ராடைப் பிடித்திருந்த ஸ்குரூக்களின் துளைகள் நிரம்பும் வரை எலும்பு அந்த இடங்களில் பலவீனம்தான். வளையம் கழற்றியவர்களுக்கும் அப்படியே. கழற்றிய முதல் வாரங்களில்தான் புது எலும்பு முறியும் ஆபத்து அதிகம். நடைக்கு விரைவில் அனுமதி கிடைக்கும். ஓட்டத்துக்கும் தாவலுக்கும் மருத்துவர் சொல்லும் வாரங்கள் வரை விலகியிருங்கள். அந்த இடைவெளியில் சைக்கிள், நீச்சல், இடுப்புத் தசைப் பயிற்சிகளைத் தொடருங்கள். அனுமதி வந்ததும் விட்ட இடத்தில் தொடங்காமல், 1 நிமிட ஓட்டம் 2 நிமிட நடை என்ற படிக்கே திரும்பி வாருங்கள். இம்முறை படிகள் வேகமாக நகரும்.